ஆற்றில் போட்டு குளத்தில் தேடிய கேஸ்

இங்கிலாந்தில் ஒரு சின்ன கிராமம். அங்கே சமையல் போட்டி. லண்டனிலிருந்து புதிதாகக் குடிவந்திருக்கும் அகதா ரெய்சின் என்ற அம்மாவுக்கு சமைக்கவே வராது. கடையில் ஒரு கீஷ் (முட்டை வைத்துச் சுடும் ஒரு உப்புப் பண்டம்) வாங்கி, தான் செய்ததாகச் சொல்லி போட்டியில் வைத்துவிடுகிறார். அதைச் சாப்பிட்ட நடுவர் காலி! போலீஸ் விபத்து என்று முடித்துவிடுகிறது. ஊரே சிரிக்கும்படி திருட்டுத்தனம் வெளிப்பட்ட அகதா, தானே துப்பறியக் கிளம்புகிறார். எம்.சி.பீட்டன் 1992ல் எழுதிய நாவல் இது.

இந்த வகைக் கதைகளில் ரத்தம் தெறிக்காது, துரத்தல் கிடையாது. துப்பறிபவர் போலீசும் இல்லை. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஒரு ஊர், அதில் மூக்கை நுழைக்கிற ஒரு ஆள். அவ்வளவுதான். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் 1930லேயே நாவலுக்குள் வந்துவிட்டார். ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே ஊர்வம்பு கேட்டு கொலைகாரனைப் பிடிக்கும் கிழவி அவர்.

சரி, தமிழில்?

துப்பறியும் கதைக்கு இங்கே பஞ்சமே இல்லை. ஜே.ஆர்.ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1908லேயே வந்தாச்சு. அதில் வரும் கோவிந்தன் தொழில்முறைத் துப்பறிவாளர். வடுவூர் துரைசாமி அய்யங்காரின் திகம்பர சாமியார் 1950ல் சினிமாவாகவே வந்தார், எம்.என்.நம்பியார் வேஷம் மேல் வேஷம் கட்டினார். அப்புறம் தமிழ்வாணனின் சங்கர்லால்... (அவர் குடித்த தேநீருக்கு மட்டும் தனிக் கணக்கு வைக்க வேண்டும்!) இவர்கள் எல்லோருமே கெட்டிக்காரர்கள், ஆண்கள். இவர்கள் அடுப்படிப் பக்கம் போய் விசாரிப்பது அபூர்வம்.

தொழில் தெரியாத துப்பறிவாளர் என்றால் தேவனின் சாம்புதான். 1942ல் ஆனந்த விகடனில் வந்தார். வேலை போன பேங்க் குமாஸ்தா. உளறுவார், தடுக்கி விழுவார், விழுந்த இடத்தில் திருடன் இருப்பான். இன்ஸ்பெக்டர் கோபாலன் அசந்து நிற்பார். படிக்கப் படிக்க சிரிப்புதான். ஆனால் ஒன்று கவனித்தீர்களா? அங்கே மார்ப்பிள் கிழவி, ஊரைத் தெரிந்து வைத்திருப்பதால் ஜெயிக்கிறாள். நம்ம சாம்பு ஜெயிப்பது அதிர்ஷ்டத்தால். சாதாரண மனிதருக்கும் விஷயம் தெரியும் என்று நம் கதைக்காரர்கள் நம்பவில்லையோ என்னவோ.

பெண்கள் எழுதாமலும் இல்லை. துப்பறியும் கதை எழுதிய முதல் தமிழ்ப் பெண் என்று சொல்லப்படும் வை.மு.கோதைநாயகி, சரளமாக எழுதப் பழகாத காலத்திலேயே தன் முதல் நாடகத்தை வாயால் சொல்லி, தோழி பட்டம்மாளை எழுத வைத்தவர். 1925ல் 'வைதேகி' நாவல். ஜகன்மோகினி பத்திரிகையையும் நடத்தினார். பக்கத்து வீட்டுப் பேச்சிலிருந்து கதை பிறக்கும் என்பதற்கு அவரைவிட வேறு சாட்சி வேண்டாம். இருந்தும் மிஸ் மார்ப்பிள் மாதிரி வீட்டுக்கு வீடு பேர் தெரிந்த ஒரு துப்பறியும் பாட்டி நமக்கு அமையவில்லை. வம்பு பேசுகிறவள் என்று திட்டினோமே தவிர, அந்த வம்பில் எத்தனை தகவல் இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

இதில் வேடிக்கை, பழைய கதைகளில் அந்தப் பெண் இருக்கிறாள். அந்தக் கதை தொடங்குவது விருத்தாசலத்தில்!

இன்று பீங்கானுக்குப் பேர்போன இந்த ஊரின் பழைய பெயர் திருமுதுகுன்றம். சுந்தரர் இங்கே பாடி 12,000 பொன் பெற்றார். அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கோயில் குளத்தில் எடுத்துக்கொள்ளச் சொன்னார் சிவன். (விருத்தாசலம் கிளையில் டெபாசிட், திருவாரூர் கிளையில் வித்டிராயல். கோர் பேங்கிங் எப்போதோ வந்துவிட்டது :-)) சுந்தரர் லேசுப்பட்டவர் இல்லை. ஆற்றில் போடும் முன் பொன்னில் கொஞ்சம் வெட்டி மாதிரி எடுத்துக்கொண்டார். அந்த மாதிரிக்கு 'மச்சம்' என்று பெயர். ஆடிட்டர்கள் செய்கிற அதே வேலை.

திருவாரூரில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி பரவையார் சிரித்தார். ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுவதா? நியாயமான கேள்வி! அவர் பக்கத்தில் நிற்க, சுந்தரர் குளத்தில் இறங்கித் துழாவினார். உடனே கிடைக்கவில்லை, பாடிய பிறகுதான் வந்தது. மச்சத்தோடு உரைத்துப் பார்த்தால் மாற்று குறைவு! மறுபடியும் பாடி சரிசெய்ய வேண்டியிருந்தது. கமலாலயக் குளக்கரையில் மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் இருக்கிறார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் விரிவாகச் சொன்ன கதை இது. காணாமல் போன பொருள், கையில் ஒரு தடயம், தரத்தில் சந்தேகம், நம்ப மறுக்கும் ஒரு பெண்... எல்லாமே இருக்கிறது. பக்திக் கதை என்பதால் இதைத் துப்பறியும் கதையாக யாரும் வாசிப்பதில்லை.

பரவையார் சும்மா சந்தேகப்படவில்லை. பங்குனி உத்திரத்துக்குத் தாராளமாகச் செலவு செய்கிற வீடு அது. குண்டையூரிலிருந்து அனுப்பிய நெல் திருவாரூர்த் தெருவெல்லாம் குவிந்தபோது, அவரவர் வாசலில் கிடப்பதை அவரவரே எடுத்துக்கொள்ளுங்கள் என்று பறையறிவித்தவர் அவர். வரவு எங்கிருந்து, எவ்வளவு, நிஜமா என்று பார்ப்பது அவர் பொறுப்பு.

இப்படி ஒரு பெண்ணை இன்றைய விருத்தாசலத்தில் வைத்து யாராவது எழுதலாம். மாசி மகம், மணிமுத்தாற்றங்கரை, அன்னதானப் பந்தல், பீங்கான் ஜாடியில் எலுமிச்சை ஊறுகாய். ஈயம் கலந்த மெருகைச் சரியாகச் சுடாமல் விட்டால், எந்த ஊர் ஜாடியானாலும் புளிப்பு அந்த ஈயத்தை மெல்ல இழுத்துவிடும். உடனே ஆள் சாக மாட்டார், ருசியிலும் பெரிதாகத் தெரியாது. ஆனால் வருஷா வருஷம் ஊறுகாய் போடுகிற அம்மாவுக்கு, ஜாடியைக் கழுவும்போது உள்பக்கப் பளபளப்பு மங்கியிருப்பது கண்ணில் படும். எந்தக் கடையில், யாரிடம், என்ன விலைக்கு வாங்கினோம் என்பதும் அவருக்கு ஞாபகம் இருக்கும்.