வாகனச் சோதனை

சாலையில் நிறுத்திய வண்டியைச் சோதிக்கக் காவல்துறைக்கு உள்ள அதிகாரமும் அதன் வரம்பும் இவை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, சீருடையிலுள்ள காவலர் கேட்டால் ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீட்டுச் சான்று ஆகியவற்றைக் காட்ட வேண்டும். அரசின் டிஜிலாக்கர் செயலியிலுள்ள பிரதியும் செல்லும். ஆனால் டிக்கியையும் பைகளையும் குடைந்து பார்க்கும் பொது அதிகாரத்தை அச்சட்டம் தரவில்லை.

அதற்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டம்தான் வழி. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 'இடம்' என்பது வாகனத்தையும் உள்ளடக்கும். அதன் 185ஆம் பிரிவின்கீழ், புலனாய்வு அதிகாரி சோதனைக்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். சோதனையை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும். எழுத்துப் பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவருக்குச் செல்ல வேண்டும். போதைப்பொருள் வழக்குகளுக்கு 1985ஆம் ஆண்டுச் சட்டம் தனி அதிகாரம் தருகிறது. முறைகேடான சோதனையில் கிடைத்த சான்றையும் நீதிமன்றம் ஏற்கலாம் என்று பூரண்மல் வழக்கில் (1974) உச்ச நீதிமன்றம் கூறியது. குடிமக்களின் பாதுகாப்பில் இது பெரிய ஓட்டை.

சின்ன காஞ்சிபுரம் போன்ற பட்டு வணிக ஊர்களை அதிகம் தொடுவது தேர்தல் காலச் சோதனை. தேர்தல் பறக்கும் படையினர் ஆவணமின்றி 50,000 ரூபாய்க்கு மேல் கொண்டுசெல்லும் ரொக்கத்தைப் பறிமுதல் செய்கின்றனர். சேலை விற்ற பணம் என்றாலும் ரசீது வேண்டும். பறிமுதல் செய்த பணத்தைத் திரும்பப் பெற, மாவட்ட அளவிலான மூவர் குழுவிடம் முறையிடலாம்.