டோபமைனின் கடிவாளம்

"ரெண்டு கிழமை குடுத்துப் பார்த்தோம், சுகமில்லை" என்று மனநோய்க் குளிசையை நாமே நிறுத்திவிடுகிறோம். அந்தக் குளிசையின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

1963இல் சுவீடனில் ஆர்விட் கார்ல்சனும் மார்கிட் லிண்ட்குவிஸ்டும் குளோர்புரோமசின், ஹலோபெரிடோல் மருந்துகளைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தார்கள். எலிகள் அடங்கிப்போயின. மூளையில் டோபமைன் குறைந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? குறையவில்லை. மாறாக, டோபமைன் வெளியேறிச் சிதைந்த எச்சம் கூடியிருந்தது! மருந்து வாங்கிகளை அடைத்துவிட, செய்தி போய்ச் சேரவில்லையென்று நரம்புக்கலங்கள் இன்னும் கூடுதலாக உழைக்கின்றன என அவர்கள் ஊகித்தார்கள்.

எழுபதுகளில் இன்னொன்றும் தெளிவானது. டோபமைனை விடும் கலத்தின் மேலேயே வாங்கிகள் உண்டு, டி2 வகை. நம் வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்குள் மிதக்கும் பந்து போலத்தான். வெளியே டோபமைன் கூடினால் கலத்தின் மின்துடிப்பையும் சுரப்பையும் அவை குறைத்துவிடும். ஹலோபெரிடோல் அந்தப் பந்தையும் பிடித்துக்கொள்வதால் ஆரம்பத்தில் சுரப்பு கூடத்தான் செய்கிறது.

1978இல் பன்னியும் கிரேசும் எலிகளுக்கு ஹலோபெரிடோலை நாட்கணக்கில் கொடுத்துவந்தார்கள். பல டோபமைன் கலங்களின் துடிப்பு அடங்கியிருந்தது, மூன்று கிழமை தொடர்ந்து கொடுத்த பிறகுதான்.