பச்சைக் கற்பூரத்தின் தாய்மரம்

கற்பூரம் ஏற்றாமல் தமிழர் வழிபாடு நிறைவெய்துவதில்லை. கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துக் கடைகளிலும் கிள்ளான் நகரத்துக் கடைகளிலும் பூவும் வெற்றிலையும் இருக்கும் இடத்தில் சூடமும் இருக்கும். தைப்பூசத்தன்று பத்துமலையில் எழும் அதன் மணத்தை அறியாத மலேசியத் தமிழர் இலர். எனினும், ‘கற்பூரம் எங்கிருந்து வருகிறது?’ என்று வகுப்பறையில் ஒரு மாணவன் வினவினால் விடை கூறுவது எளிதன்று. கற்பூரம் என்னும் ஒரே பெயரைத் தாங்கி மூன்று வெவ்வேறு பொருள்கள் தமிழர் இல்லம் புகுந்துள்ளமையே அதற்குக் காரணம். அவற்றுள் பழமையும் அருமையும் மிக்கது ஒரு காட்டு மரத்தின் வயிற்றில் விளைந்தது. அம்மரம் இன்றும் கோலாலம்பூருக்கு வடக்கே, நகரை அடுத்த காடுகளில் வானளாவி நிற்கிறது.

மூன்று கற்பூரங்கள்

இன்று தட்டில் எரியும் சூடம் பெரும்பாலும் தொழிற்சாலைப் பொருள். பைன் மரத்துப் பிசினிலிருந்து வடிக்கப்படும் டர்ப்பன்டைன் எண்ணெயே அதன் மூலப்பொருள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறை வாணிக அளவில் வழக்கத்திற்கு வந்தது.

அதற்கு முன்னர்ப் பெருவழக்காயிருந்தது சீனக் கற்பூரம். தென்சீனம், தைவான், தென்ஜப்பான் ஆகிய இடங்களில் வளரும் சின்னமோமம் காம்போரா என்னும் மரத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, நீராவியில் வாலைவடித்து இதனை எடுத்தனர். இலவங்கப் பட்டை மரத்திற்கு இது நெருங்கிய உறவு.

மூன்றாவது, சுமத்திரா, மலாய்த் தீபகற்பம், போர்னியோ ஆகிய நிலங்களின் பசுமை மாறாக் காடுகளில் வளரும் வேறொரு மரத்தினின்று கிடைத்தது. மலாய் மக்கள் அம்மரத்தைக் ‘காப்பூர்’ என்பர். தாவர நூலார் 1805-ஆம் ஆண்டில் அதற்கு இட்ட பெயர் டிரையோபலனாப்ஸ் அரோமாட்டிக்கா என்பதாகும். டிரையோபலனாப்ஸ் சுமத்திரென்சிஸ் என்னும் பெயரையும் இக்காலத்தார் வழங்குகின்றனர். தமிழர் ‘பச்சைக் கற்பூரம்’ என்று தனியே பெயரிட்டு, மருந்திலும் இறைவன் திருமுன் படைக்கும் இனிப்பிலும் சேர்த்துப் போற்றியது இதனையே. இக்காலக் கடைகளில் அப்பெயரால் விற்பனையாவது பெரும்பாலும் இம்மரத்திலிருந்து எடுத்ததன்று. பெயர் மட்டுமே பழையது.

இரண்டு மரக் கற்பூரங்களும் வேதியியல் முறையிலும் வேறுபட்டவை. சீனக் கற்பூரத்தின் மூலக்கூறு ஒன்றில் 10 கரியணுக்களும் 16 ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் உள்ளன. காப்பூர் மரத்துப் பொருளாகிய போர்னியாலிலோ ஹைட்ரஜன் அணுக்கள் 18. இச்சிறு வேறுபாட்டால் பண்பு மாறுகிறது. சீனக் கற்பூரம் நீரில் மிதக்கும். மற்றது நீரில் அமிழும். முன்னது விரைவில் காற்றோடு கலந்து மறையும்; பின்னது அத்துணை விரைவாகக் கரையாது. நெடுங்கடல் கடந்து விற்கத்தக்க சரக்காக அது அமைந்ததற்கு இவ்வியல்பும் துணை செய்தது.

கொண்டலொடு வந்த சரக்கு

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், அகிலும் துகிலும் சந்தனமும் வாசப்பொருள்களும் கற்பூரமும் மரக்கலங்களில் ஏறிக் கீழைக்காற்றொடு வந்து சேர்ந்தன என்னும் செய்தி காணப்படுகிறது. அவ்விடத்திற்கு உரை வரைந்த அடியார்க்கு நல்லார், கற்பூர வகைகளை வரிசையாக அடுக்கிச் செல்கிறார். அவ்வரிசையில் வரும் பெயர்களுள் ஒன்று ‘வாறோசு’ என்பது.

வாறோசு என்பது ஓர் ஊரின் பெயர். வடசுமத்திராவின் மேற்குக் கரையில் உள்ள பாரூஸ் என்னும் துறைமுகமே அது. மலாய் மொழியில் கற்பூரத்திற்கு இன்றும் ‘காப்பூர் பாரூஸ்’ என்றே பெயர். துணிப்பெட்டியில் இடும் பூச்சி உருண்டையைக் கூட அப்பெயரால் குறிப்பதுண்டு. பாரூசுக்கு அருகே லோபு துவா என்னும் இடத்தில் 1873-ஆம் ஆண்டில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. அது சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088-இல் பொறிக்கப்பெற்றது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகப் பெருங்குழுவினர் வாரோசில் கூடி, கலத்தில் வருவோர் செலுத்த வேண்டிய பொன்னைப் பற்றி முடிவு செய்ததை அது தெரிவிக்கிறது. வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் 1932-இல் இக்கல்வெட்டைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். உரையாசிரியர் ஏட்டில் எழுதிய பெயரும் வணிகர் கல்லில் பொறித்த பெயரும் ஒன்றுபடுவதைத் தமிழாசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துக்காட்டலாம். உரைநூல் ஒன்றின் சொற்பட்டியல், கடல் கடந்த கல்வெட்டால் உறுதி பெறும் அரிய இடங்களுள் இஃது ஒன்று.

தமிழில் கருப்பூரம், வடமொழியில் கர்ப்பூரம், மலாய் மொழியில் காப்பூர், அரபு மொழியில் காபூர் என இச்சொல் கடற்கரைதோறும் ஒலித்தது. சீனர் இதனை ‘நாகத்தின் மூளை’ என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர். சுமத்திராவைக் கண்டு சென்ற மார்க்கோ போலோ, இக்கற்பூரம் தன் நிறைக்கு நிறை பொன் பெறும் என்று குறித்தார்.

மரத்தைக் கொன்று தேடிய செல்வம்

அத்துணை விலை ஏற்பட்டதற்குக் காரணம் மரத்தினுள்ளேயே இருந்தது. ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுப்பது போல இம்மரத்தினின்று கற்பூரம் எடுக்க இயலாது. முதிர்ந்த மரத்தின் நடுவே உள்ள வெடிப்புகளிலும் பொந்துகளிலும் அது வெள்ளைப் பளிங்குத் துணுக்குகளாகப் படிந்திருக்கும். எல்லா மரங்களிலும் அது இராது. மரத்தைக் கொத்தி முகர்ந்து பார்த்து ஒருவாறு ஊகிக்கலாமே அன்றி, வெட்டி வீழ்த்திப் பிளந்தால் அல்லாமல் உறுதியாக அறிய வழியில்லை. ஆகவே, ஒரு மரத்தில் கிடைத்த பொருளுக்காகப் பல மரங்கள் வீணே வீழ்ந்தன. காட்டாளன் உழைப்பும் வீணானது.

இந்நிச்சயமின்மையே விந்தையான வழக்கங்களைத் தோற்றுவித்தது. ஜொகூர்க் காடுகளில் கற்பூரம் தேடிய ஜக்கூன் பழங்குடியினர், அவ்வேலையில் இருக்கும்போது அன்றாடச் சொற்களை நீக்கிவிட்டுத் தனியொரு மொழியைப் பேசினர். அம்மொழியில் கற்பூரத்தை அதன் இயற்பெயரால் சுட்டலாகாது. சுட்டினால் மரத்தின் தெய்வம் அதனை மறைத்துவிடும் என்பது நம்பிக்கை. இச்சொற்களைத் தொகுத்து 1894-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இருவர் கட்டுரையாக வெளியிட்டனர். கற்பூரம் தேடுவோர் உப்பைப் பொடியாக்காமல் கல்லுப்பாகவே உண்பர் என்னும் செய்தியும் பதிவாகியுள்ளது. உப்பைப் பொடித்தால் மரத்தினுள் கற்பூரமும் பொடியாகவே கிடைக்கும் என்று அவர்கள் அஞ்சினர். கடலுக்கு அப்பால் ஒரு துணுக்குக் கற்பூரத்தை நாவிலிட்டவர், அதற்காகக் காட்டில் ஒருவர் பேச்சையும் உணவையும் மாற்றிக்கொண்டதை அறிந்திருக்கமாட்டார்.

மரத்தின் இயல்பு

காப்பூர் மரம் 60 மீட்டர் உயரம் வரை வளரக்கூடியது. காட்டின் மேல்விதானத்தையும் கடந்து தலைநீட்டும் பெருமரங்களுள் ஒன்று. அடிமரம் நேராக உயர்ந்து, நெடுந்தொலைவு கிளையின்றிச் செல்லும். பட்டை செதில் செதிலாக உரியும். இலை சிறியது, மழைநீர் வழிந்தோட ஏற்றவாறு நுனி கூர்ந்து நீண்டது, பக்க நரம்புகள் நெருக்கமாக ஒன்றற்கொன்று இணையாக ஓடும். இலையைக் கசக்கி முகர்ந்தால் மணத்தாலேயே மரத்தை அறிந்துகொள்ளலாம்.

இதன் குடும்பத்தைத் தாவர நூலார் ‘இருசிறகுக் கனி’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் வழங்குவர். ஆயினும் காப்பூரின் கனிக்கு ஐந்து சிறகுகள் உண்டு. பூவின் புறவிதழ்கள் ஐந்தும் வளர்ந்து நீண்டு சிறகுகளாகின்றன. கனி உதிரும்போது அவை காற்றில் சுழன்று அதன் வீழ்ச்சியைத் தணிக்கும். தென்னாட்டில் தூபமிடும் குங்கிலியத்தைத் தரும் மரங்களும் இதே குடும்பத்தவை. கோயிலின் தூபத்திற்கும் பச்சைக் கற்பூரத்திற்கும் ஒரே குலம் என்பது அறியத்தக்கது.

இம்மரத்தின் விதை நெல்லைப் போலச் சேர்த்துவைக்கக் கூடியதன்று. விழுந்த சில நாட்களில் முளைக்க வேண்டும், இல்லையேல் உயிரிழக்கும். பூப்பதும் ஆண்டுதோறும் ஒழுங்காக நிகழ்வதில்லை. ஆகையால் தாய்மரங்கள் வெட்டுண்ட காட்டில் மண்ணில் உறங்கிக் கிடந்து பின்னர் முளைக்கும் வித்து எதுவும் எஞ்சுவதில்லை. மரம் போனால் வழித்தோன்றலும் போயிற்று.

தீபகற்ப மலேசியாவில் இது இயற்கையாக வளர்வது பெரும்பாலும் கிழக்குக் கரை சார்ந்த காடுகளில். மேற்கே, சிலாங்கூரில், கோலாலம்பூரிலிருந்து ரவாங் செல்லும் வழியில் டெம்ப்ளர் பூங்காவை அடுத்த கஞ்சிங் காடு இதற்குப் பெயர் பெற்றது. கற்பூரத்திற்காக வெட்டும் வழக்கம் மறைந்த பின்னர்ப் பலகைக்காகவும் உத்திரத்திற்காகவும் வெட்டும் வழக்கம் வளர்ந்தது. இன்று இது அழிவு அச்சத்திற்கு உள்ளான மரங்களின் உலகப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

கெப்போங்கில் எழுந்த காடு

ஈயத்தால் வளர்ந்த நகரம் கோலாலம்பூர். ஈயம் எடுத்த இடங்களில் மண் புரண்டு, மணல் மேடும் குழியுமாகக் கிடந்தன. நகருக்கு வடமேற்கே 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கெப்போங்கும் அத்தகைய இடமே. கைவிடப்பட்ட ஈயச் சுரங்கங்களும் காய்கறித் தோட்டங்களும் இருந்த அந்நிலத்தில், செங்குத்தான சரிவுகளைத் தவிரப் பழங்காடு எஞ்சவில்லை. 1926-ஆம் ஆண்டில் வன ஆராய்ச்சி நிலையம் அமைப்பதற்கென அவ்விடத்தையே தேர்ந்தெடுத்தார் அமெரிக்கரான பாக்ஸ்வொர்தி. பிலிப்பைன்ஸ் தீவுகளில் பணியாற்றிய பின் 1918-இல் மலாயா வந்தவர் அவர். அழிந்த நிலத்தில் மழைக்காட்டு மரங்களை மீண்டும் வளர்க்க இயலுமா என்பது அன்று எவரும் விடை அறியாத கேள்வி.

நாற்றங்கால் எழுந்தது; சோதனை நடவுகள் தொடங்கின; நிலையம் 1929-இல் அமைந்தது. நடப்பட்ட மரங்களுள் காப்பூரும் ஒன்று. பாக்ஸ்வொர்தி இக்குடும்பத்து மரங்களைப் பற்றிய நூலை 1932-இல் வெளியிட்டார். அவர் வழியில் சிமிங்டன் என்னும் அறிஞர் வனக்காவலர்க்கென எழுதிய கையேடு இன்றும் இத்துறையின் அடிப்படை நூலாக விளங்குகிறது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1943-இல் அந்நூல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் ஆப்பிரிக்காவில் நைஜீரியா நாட்டில் காலமானார்.

நட்டவர்கள் மறைந்தனர், நடப்பட்டவை ஓங்கின. இன்று கெப்போங்கில் காப்பூர் மரங்களின் கீழ் நின்று அண்ணாந்து நோக்குவோர் ஒரு வியப்பைக் காண்பர். ஒரு மரத்தின் முடி அடுத்த மரத்தின் முடியைத் தொடுவதில்லை. இடையிடையே வானம், வயல் வரப்புகளைப் போல, வளைந்த வெண்கோடுகளாகத் தெரியும். ‘முடி நாணம்’ என்று இதனைக் கூறலாம். காற்றில் கிளைகள் உராய்ந்து நுனி முறிவதால் இவ்வாறாகிறது என்பது ஒரு கொள்கை. மலேசியத் தாவர அறிஞர் பிரான்சிஸ் இங் 1977-இல் இம்மரங்களை ஆராய்ந்தபோது உராய்வின் தடயங்களைக் காணவில்லை. வளரும் தளிர் நுனிகள் அயல்மரத்தின் இலைகளை நெருங்கும்போது ஒளி குறைவதை உணர்ந்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றன என்பது அவர் கருத்து. இவ்விளைவுக்கு முழுக் காரணம் யாது என்பதில் அறிஞரிடையே இன்னும் ஒருமித்த முடிவு ஏற்படவில்லை.

2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பாரிசில் கூடிய உலக மரபுடைமைக் குழு, கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்தின் காட்டுப் பூங்காவை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. ஈயச் சுரங்கம் தின்ற நிலத்தில் மனிதர் நட்டு வளர்த்த மழைக்காடு என்பதே அதன் பெருமை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழர் இம்மரத்தின் விளைபொருளை அறிந்திருந்தனர். அதன் துறைமுகத்தை அறிந்திருந்தனர். வகைகளை எண்ணிப் பெயரிட்டனர். மரத்தை மட்டும் பெரும்பாலோர் கண்டதில்லை. கண்டவரோ அதனை வெட்டுவதற்காகவே கண்டனர். இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழ் மாணவன் அதன் அடியில் நின்று, உதிர்ந்த ஓர் இலையை எடுத்துக் கசக்கி முகர்ந்து பார்க்க முடியும். அதற்காக எந்த மரமும் வீழ வேண்டியதில்லை. ஊர்காண் காதையைப் பாடமாகச் சொல்லும் ஆசிரியர், ஒரு நாள் தம் வகுப்பைக் கெப்போங்கிற்கு அழைத்துச் செல்வாராயின், உரையாசிரியர் எழுதிவைத்த ‘வாறோசு’ என்னும் பழஞ்சொல்லின் பொருளை அம்மாணவர்கள் அந்த மரத்தடியிலேயே உணர்ந்துகொள்வர்.