அடித்தளத்தில் புகுந்த வெள்ளநீர்: ஒரே மூச்சில் இறைத்தால் சுவருக்கு ஆபத்து

டெல்லி பழைய ராஜிந்தர் நகரில் 2024 ஜூலை 27-ஆம் தேதி, பயிற்சி மையம் ஒன்றின் அடித்தளத்தில் மழைநீர் புகுந்ததில், குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகி வந்த 3 பேர் உயிரிழந்தனர். நீர் ஏறும்போது அடித்தளத்தில் ஒரு கணமும் தங்கக் கூடாது. மழை ஓய்ந்த பின்னரும் ஆபத்து நீங்குவதில்லை.

மின் இணைப்பு துண்டிக்கப்படும் வரை தேங்கிய நீரில் இறங்கக் கூடாது. டீசல் பம்பு, ஜெனரேட்டர் ஆகியவற்றைக் கட்டடத்துக்கு வெளியே, ஜன்னல்களிலிருந்து விலக்கி இயக்க வேண்டும். அவை வெளியிடும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நச்சுவாயு.

நீரில் ஊறிய மண் வெளியிலிருந்து சுவரை அழுத்துகிறது. உள்ளே தேங்கிய நீர் அதற்கு எதிர்விசையாக நிற்கிறது. அந்நீரை ஒரே மூச்சில் இறைத்தால் சுவர் சரியலாம், தரை வெடிக்கலாம். எனவே நாளொன்றுக்கு மூன்றில் ஒரு பங்கு வீதம் இறைத்து, நீர்மட்டத்தைச் சுவரில் குறித்துவைக்க வேண்டும். மறுநாள் மட்டம் உயர்ந்திருந்தால் இறைப்பதை நிறுத்திக் காத்திருப்பதே நல்லது.

சேறு இறுகும் முன் அதை அகற்றி, சோப்பு நீரால் கழுவிய பிறகே பிளீச்சிங் கரைசலைப் பயன்படுத்த வேண்டும். அதனுடன் ஆசிட் கலந்தால் நச்சுவாயு உண்டாகும். 24 முதல் 48 மணி நேரத்தில் பூஞ்சை தோன்றக்கூடும் என்பதால், நனைந்த மெத்தை, அட்டைப்பெட்டிகளை உடனே வெளியேற்ற வேண்டும். மின் பணியாளர் சோதித்த பின்னரே மின்விசிறிகளை இயக்கலாம். சுவர் முழுமையாக உலரும் முன் வண்ணம் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.