எட்டு குறைந்த ஜபமாலை

ஜபமாலைக்கு எத்தனை மணி? நூற்றியெட்டு. நம்மூர் ருத்ராட்ச மாலைக்கும் அதே கணக்கு, திபெத் பௌத்தர்களின் மாலைக்கும் அதே கணக்கு. ஆனால், 1866 ஜனவரி 10-ம் தேதி லாசா நகருக்குள் நுழைந்த ஒரு ஆசாமியின் கையிலிருந்த மாலையில் மட்டும் சரியாக நூறு மணிகள். யாராவது ஒரு பிட்சு பொழுதுபோகாமல் அதை வாங்கி எண்ணிப் பார்த்திருந்தால், கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆசாமியின் கதையும் சேர்த்துத்தான்.

நல்லவேளை, யாரும் எண்ணவில்லை.

அந்த மனிதரின் பெயர் நயின் சிங். குமாவோன் மலையில், இன்றைய உத்தராகண்டின் பித்தோராகர் மாவட்டத்தில் இருக்கும் மிலம் கிராமத்துக்காரர். பள்ளிக்கூட வாத்தியார். அதனால்தான் பிரிட்டிஷ் ஆவணங்களில் அவருக்கு 'பண்டிட்' என்று பெயர். வேறு பெயரே கிடையாது. காரணம், அவர் ஒரு ஒற்றர். துப்பாக்கி வைத்திருந்த ஒற்றர் அல்ல. காம்பஸ் வைத்திருந்த ஒற்றர்.

கொஞ்சம் பின்னால் போவோம்.

இந்தியாவை அங்குலம் அங்குலமாக அளக்கும் வேலையை வெள்ளைக்காரர்கள் தொடங்கியது நம்ம பரங்கிமலைப் பக்கம்தான். 1802-ல் வில்லியம் லாம்டன் அங்கே ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி போட்டு அளந்தார். அந்த ஒரு கோட்டை வைத்துக்கொண்டு முக்கோணத்தின் மேல் முக்கோணமாக அடுக்கிக்கொண்டே வடக்கே போனார்கள். அதற்கான தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808-ல் தஞ்சாவூர்க் கோயில் கோபுரத்தின் மேல் அதை ஏற்றும்போது மோதி அடிபட்டது தனிக் கதை. கூடாரம், கூலிகள், யானைகள், கொடி பிடிக்க ஆட்கள் என்று ஒரு திருவிழாக் கூட்டமே கூடப் போகும்.

இமயமலை வரைக்கும் இது சரி. அதற்கு அப்புறம்?

அப்புறம் திபெத். உள்ளே போக வெள்ளைக்காரர்களுக்கு அனுமதி கிடையாது. மீறினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. மேப்பில் அந்த இடம் கிட்டத்தட்ட வெறும் வெள்ளைத்தாள். லாசா பூமியில் எந்த இடத்தில் இருக்கிறது என்றுகூடத் திட்டமாகத் தெரியாது. இன்னொரு பக்கம் ரஷ்யா மத்திய ஆசியாவில் ஊர் ஊராக விழுங்கிக்கொண்டு வருகிறது. பிரிட்டிஷாருக்குத் தூக்கம் வருமா?

தாமஸ் மாண்ட்கோமரி என்ற சர்வே அதிகாரிக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வெள்ளைக்காரனுக்குத்தான் கதவு மூடியிருக்கிறது. எல்லையோர இந்திய வியாபாரிகள் உப்பும் கம்பளியும் ஏற்றிக்கொண்டு போவதும் வருவதுமாகத்தான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்கு சர்வே சொல்லிக்கொடுத்தால் என்ன?

அப்படித்தான் நயின் சிங்கும் அவருடைய உறவினர் மணி சிங்கும் டேராடூனுக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டு வருஷப் பயிற்சி. முதல் பாடம் என்ன தெரியுமா? நடப்பது.

ஏற்றமோ, இறக்கமோ, சமதரையோ, ஒவ்வொரு எட்டும் ஒரே நீளம் இருக்க வேண்டும். இரண்டாயிரம் எட்டு வைத்தால் ஒரு மைல். கணக்குப் போட்டால் ஒரு எட்டு சுமார் 80 சென்டிமீட்டர். அதை எண்ணத்தான் மாலை. நூறு எட்டுக்கு ஒரு மணி தள்ளினால், மாலை ஒரு சுற்று முடியும்போது பத்தாயிரம் எட்டு, அதாவது ஐந்து மைல். நூற்றியெட்டு மணி இருந்தால் இந்தக் கணக்கு உதைக்கும். ஆக, எட்டு வைப்பதை எண்ணுவதற்காக மாலையில் எட்டைக் கழற்றிவிட்டார்கள்!

தூரம் தெரிந்தால் மட்டும் போதாது, திசையும் வேண்டும். அதற்குத்தான் காம்பஸ். திபெத்தியர்கள் கையில் சுற்றிக்கொண்டே ஜபிக்கும் பிரார்த்தனைச் சக்கரத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். உள்ளே மந்திரம் எழுதிய காகிதச் சுருள் இருக்கும். நயின் சிங்கின் சக்கரத்தில் மந்திரத்துக்குப் பதில் வெற்றுத்தாள்கள், அவற்றில் குறிப்புகள். காம்பஸும் இப்படித்தான் ஒளிந்துகொண்டு போனது. யாராவது நெருங்கினால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவார். ஜபம் செய்பவரை யார் தொந்தரவு செய்வார்கள்?

காம்பஸும் எட்டும் சேர்ந்து எப்படி மேப் ஆகிறது? ரொம்ப சிம்பிள். உதாரணத்துக்கு, காலையில் கிளம்பும்போது எதிரே ஒரு கணவாய் தெரிகிறது. காம்பஸில் பார்த்தால் வடக்கிலிருந்து வலப்பக்கமாக 70 டிகிரி. குறித்துக்கொள். ஆறாயிரம் எட்டு நடந்ததும் பாதை திரும்புகிறது. இப்போது 110 டிகிரி. அந்தப் பக்கம் நாலாயிரம் எட்டு. ஊருக்குத் திரும்பியதும் தாளை விரித்து, ஒரு மைலுக்கு ஒரு அங்குலம் என்று வைத்துக்கொண்டு, பாகைமானியால் 70 டிகிரியில் மூன்று அங்குலக் கோடு, அதன் முனையிலிருந்து 110 டிகிரியில் இரண்டு அங்குலக் கோடு. அவ்வளவுதான், நடந்த பாதை தாளில் வந்துவிட்டது. வழியில் தெரிந்த ஒரு சிகரத்தை இரண்டு இடங்களில் நின்று காம்பஸில் பார்த்திருந்தால், இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளியில் அந்தச் சிகரம் உட்காரும். காம்பஸ் முள் காட்டுவது காந்த வடக்கை. நிஜ வடக்கு கொஞ்சம் தள்ளி இருக்கும். அந்த வித்தியாசத்தை மட்டும் கழிக்கவோ கூட்டவோ வேண்டும். இன்றைக்கும் ராணுவத்தில் சேர்பவர்களுக்கும் மலையேறுபவர்களுக்கும் இதே பாடம்தான். குளிரில் செல்போன் பேட்டரி செத்துப்போனாலும் காம்பஸ் முள் சாகாது இல்லையா?

ஆனால், எண்ணிக்கையில் தப்பு வந்தால்? நூற்றுக்கணக்கான மைல் நடக்கும்போது சின்னச் சின்னத் தப்புகள் வட்டி போட்டு வளரும். வீட்டுக் கணக்கு நோட்டை அவ்வப்போது பாங்க் பாஸ்புக்கோடு ஒத்துப்பார்ப்பது மாதிரி, இங்கே ஆகாயத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும். சூரியனும் நட்சத்திரமும் எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்று செக்ஸ்டன்ட் கருவியால் அளந்தால், அந்த இடத்தின் அட்சரேகை கிடைத்துவிடும். மலைகளுக்கு நடுவில் தொடுவானம் எங்கே தெரியும்? அதனால் பாதரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றி, அதில் விழும் பிம்பத்தை வைத்து அளந்தார். அந்தப் பாதரசம் பயணம் செய்தது சோழிகளுக்குள்ளே! செக்ஸ்டன்ட் இருந்தது பெட்டியின் ரகசிய அடித்தட்டில். தெர்மாமீட்டர் ஊன்றுகோலுக்குள். அது எதற்கு? உயரம் போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் அல்லவா? கொதிக்கும் சூட்டைப் பார்த்தால் உயரம் தெரிந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு, மனுஷர் டீ போடுகிறார்!

1865 ஜனவரியில் டேராடூனிலிருந்து கிளம்பினார்கள். நேபாளம் வழியாக நுழையப் பார்த்தபோது எல்லையில் கிரோங் என்ற ஊரில் மடக்கித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மணி சிங் வேறு பக்கம் போக, நயின் சிங் லடாக் வியாபாரி வேஷத்தில், சடை வைத்துக்கொண்டு மறுபடி முயன்றார். இந்த முறை உள்ளே விட்டார்கள். ஆனால், 'லாசாவுக்குப் போக மாட்டேன், போனால் தலையை எடுத்துக்கொள்ளுங்கள்' என்கிற மாதிரி எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள்.

எழுதிக் கொடுத்துவிட்டு, நேராக லாசாவுக்கு நடந்தார்.

அங்கே சுமார் மூன்று மாதம். கையில் காசு தீர்ந்துவிட்டது. நேபாள வியாபாரிகளுக்கு இந்திய முறையில் கணக்கு எழுதச் சொல்லிக்கொடுத்துச் சாப்பிட்டார். ராத்திரியில் ஜன்னல் வழியாக நட்சத்திரம் பார்த்தார். அவர் கணக்குப்படி லாசாவின் உயரம் சுமார் 11,700 அடி. இன்றைய கணக்கு சுமார் 12,000 அடி. வெந்நீரை வைத்துக்கொண்டு இந்த நெருக்கம்!

பிறகு இரண்டு விஷயங்கள் நடந்தன. அனுமதி இல்லாமல் வந்த ஒரு சீனரை நடுவீதியில் தலையை வெட்டுவதைப் பார்த்தார். கொஞ்ச நாளில் அதே வீதியில், தன்னை மடக்கிய கிரோங் அதிகாரியைப் பார்த்தார். கைதட்டிக் கூப்பிடும் தூரத்தில்! அதன் பிறகு ஜாகையை மாற்றிக்கொண்டு வெளியே தலைகாட்டவில்லை. ஏப்ரலில் கிளம்பிய லடாக் வியாபாரிகளோடு ஒட்டிக்கொண்டு, மானசரோவர் பக்கமாகத் திரும்பி, அக்டோபரில் டேராடூன் வந்து சேர்ந்தார். நடந்தது சுமார் 1,200 மைல். கிட்டத்தட்ட 25 லட்சம் எட்டு. அத்தனையும் எண்ணியவை.

1877-ல் லண்டன் ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டி அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. 2004-ல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. எல்லாருக்கும் இந்த யோகம் வாய்க்கவில்லை. அவருக்குப் பிறகு 1880-ல் அனுப்பப்பட்ட கிந்துப், எழுதப் படிக்கத் தெரியாதவர். கூடப் போன லாமாவே அவரை அடிமையாக விற்றுவிட்டுப் போய்விட்டார். தப்பித்து ஓடிய கிந்துப் ஊருக்கு ஓடவில்லை. திபெத்தின் சாங்போவும் அஸ்ஸாமின் பிரம்மபுத்ராவும் ஒரே ஆறுதானா என்று கண்டுபிடிக்க, சொல்லியனுப்பியபடி 500 மரக்கட்டைகளில் அடையாளம் வைத்து, நாளைக்கு 50 வீதம் ஆற்றில் மிதக்கவிட்டார். கீழே நின்று பார்க்க வேண்டிய அதிகாரி நோய்வாய்ப்பட்டு எப்போதோ இந்தியாவை விட்டுப் போய்விட்டிருந்தார். அவர் அனுப்பிய கடிதம் போய்ச் சேரவில்லை. கட்டைகளை யாரும் பார்க்கவில்லை. கிந்துப் டார்ஜிலிங்கில் தையல் வேலைக்குத் திரும்பினார். அவர் சொன்னது நிஜம் என்று 1913-ல்தான் உறுதியானது.

எல்லாம் சரி, இந்த மேப்பெல்லாம் எதற்குப் பயன்பட்டது?

1903 டிசம்பரில் யங்ஹஸ்பண்ட் தலைமையில் பிரிட்டிஷ் இந்தியப் படை திபெத்துக்குள் போனது. 1904 மார்ச் 31 அன்று குரு என்ற இடத்தில் நாட்டுத் துப்பாக்கியும் வாளும் வைத்திருந்த திபெத்தியர்கள் மேல் இயந்திரத் துப்பாக்கி பேசியது. 600 பேருக்கு மேல் பிணம். ஆகஸ்டில் படை லாசாவுக்குள் நுழைந்தது. கடைசியில் அது போன ஞாங்சே - லாசா பாதை, 38 வருஷத்துக்கு முன்னால் நயின் சிங் மணி உருட்டிக்கொண்டே எண்ணிய அதே பாதை.

நயின் சிங் துரோகியா, சாகசக்காரரா? பூமியைக் காலால் அளந்த மகா மனிதர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால், ஊரை அளக்க ஒருத்தன் வந்தால் அவன் பின்னால் பட்டாளம் வரும் என்று திபெத்தியர்கள் பயந்தார்களே, அந்தப் பயத்திலும் தப்பு இல்லை. அவர்கள் செய்த ஒரே தப்பு, மாலையை வாங்கி எண்ணிப் பார்க்காதது.