975,000: மலையக மக்களைப் பங்கிட்ட எண்

ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம். கணிதத்தில் இது ஓர் இரட்டை எண், சேர்த்தி எண். 2, 3, 5, 13 ஆகிய நான்கும் இதன் முதன்மைக் காரணிகள். மொத்தமாக 96 காரணிகள் இதற்கு உண்டு. தன்னைத் தவிர்ந்த காரணிகளைக் கூட்டினால் 2,306,040 வரும். கூட்டுத்தொகை எண்ணை விடப் பெரிதாக இருப்பதால் இதை மிகை எண் என்பர்.

இலங்கை வரலாற்றில் இந்த எண்ணுக்கு வேறொரு பொருளும் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழரின் மதிப்பிடப்பட்ட தொகை இது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் இத்தொகையைப் பங்கிட்டது. இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர், பின்னர் தீர்மானிக்க 150,000 பேர். அந்த மக்களின் பிரதிநிதி எவரும் அதில் ஒப்பமிடவில்லை.

இம்மூன்று தொகைகளினதும் பொதுக் காரணிகளுட் பெரியது 75,000. அதனால் வகுத்தால் 7, 4, 2 என வரும், கூட்டினால் 13. ஏழு பேர் இந்தியா சென்றால் நான்கு பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்பதே ஒப்பந்தத்தின் விகிதம். ஏழும் நான்கும் பதினொன்று. 975,000 பதினொன்றால் மீதியின்றி வகுபடாது. பதின்மூன்றில் எஞ்சிய இரண்டு பங்கு, அதாவது ஒன்றரை இலட்சம் மனிதர், பத்து ஆண்டுகள் முடிவின்றிக் காத்திருந்தனர். 1974இல் சிறிமாவோ - இந்திரா ஒப்பந்தம் அவர்களைச் சரிபாதியாக்கியது. மொத்தக் கணக்கு 600,000 க்கு 375,000, அதாவது 8 க்கு 5 ஆனது.

தாளில் மீதியின்றி முடிந்த கணக்கு தோட்டங்களில் முடியவில்லை. ஐந்து பேருள்ள குடும்பத்தை ஏழுக்கு நான்கு என்று பிரிக்க முடியுமா? பெற்றோர் ஒரு நாட்டுக்கும், மணமாகித் தனியே விண்ணப்பித்த பிள்ளை மறு நாட்டுக்கும் உரியவராயினர். இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டவர்களின் தொகை ஒதுக்கீட்டை விட மிக அதிகமாக இருந்தது. 1971இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம், ஒருவர் இங்கே உரிமை பெறுவதை மற்றவர்கள் உண்மையில் புறப்பட்டுச் செல்வதோடு பிணைத்தது.

நாவலப்பிட்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் இருந்தும் மக்கள் புகையிரதத்தில் தலைமன்னார் சென்று, கப்பலேறி, இராமேஸ்வரம் வழியாக மண்டபம் முகாமை அடைந்தனர். 1977 வன்செயல்களுக்குப் பின் வேறு பலர் வன்னியில் குடியேறினர். அவர்களையும் அவர்களது பிள்ளைகளையும் பின்னர் போர் சூழ்ந்தது. 1984இல் கப்பல் சேவை போரினால் நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருந்தவர்களும் இங்கேயே தங்கிவிட்டனர்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களது சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. கடவுச்சீட்டுப் பெற்றும் போகாதிருந்தவர்களும் அதில் அடங்கினர். ஒப்பந்தம் கைச்சாத்தான அதே திகதியே இப்போது உரிமைக்கான எல்லைத் திகதியாயிற்று. ஆகவே, பெரியவர்களின் பிறப்புப் பதிவு, தோட்டப் பதிவு, பழைய கடவுச்சீட்டு எதையும் பயனற்றதென வீசிவிடக் கூடாது. 975,000 என்ற தொகைக்குள் தம் வீட்டார் எந்தப் பங்கில் இருந்தனர் என்பதை அந்தத் தாள்களே சொல்லும்.