வாங்கியவர் சொல்லுக்கு ஒரு வரலாறு

லண்டனில் உள்ள பிரித்தானிய நூதனசாலையில் 11.6 சென்ரிமீற்றர் உயரமான களிமண் பலகை ஒன்று இருக்கிறது. இன்றைய ஈராக்கின் தென்பகுதியில், 'ஊர்' என்றே பெயர் கொண்ட பண்டைய நகரில் கண்டெடுக்கப்பட்டது. கி.மு. 1750 அளவில் எழுதப்பட்டது. நன்னி என்பவர் ஏயா-நாசிர் என்ற செப்பு வணிகருக்கு எழுதிய முறைப்பாடு அது. தரமான செப்புக் கட்டிகளைத் தருவதாகச் சொல்லித் தரமற்றவற்றை என் ஆளிடம் காட்டினாய். வேண்டுமானால் எடு, இல்லாவிட்டால் போ என்றாய். இனிமேல் என் முற்றத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் எடுப்பேன் என்பது அதன் சாரம்.

ஏறக்குறைய 3,750 ஆண்டுகளின் பின்னரும் அந்தக் கோபம் நமக்குப் புரிகிறது. ஆயினும் என்னைச் சிந்திக்க வைத்தது வேறொரு விடயம். அந்தப் பலகை ஏயா-நாசிரின் வீடு எனக் கருதப்படும் கட்டடத்திலேயே கிடைத்தது. அதாவது, வாங்கியவரின் கருத்து விற்றவரின் வீட்டிலேயே தங்கிவிட்டது. அடுத்து அவரிடம் செப்பு வாங்கப் போனவருக்கு நன்னி பட்ட பாடு தெரிந்திருக்க வழியில்லை. வாங்கியவர் சொல் விற்றவர் வீட்டைத் தாண்டி, இனி வாங்கப்போகும் ஒருவரின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அந்தப் பயணத்தின் முக்கிய கட்டம் அமெரிக்காவில் தொடங்கியது. 1927ஆம் ஆண்டு ஸ்ருவேர்ட் சேஸ் என்ற பொருளியலாளரும் பிரெட்ரிக் ஷ்லிங்க் என்ற பொறியியலாளரும் சேர்ந்து 'உங்கள் பணத்தின் பெறுமதி' என்ற பொருள்படும் தலைப்பில் நூலொன்றை வெளியிட்டனர். அரசாங்கம் தான் வாங்கும் பொருள்களை ஆய்வுகூடத்தில் சோதித்து வாங்குகிறது. சாதாரண குடும்பத் தலைவி மட்டும் விளம்பரத்தை நம்பி வாங்க வேண்டியிருக்கிறது என்பது அவர்களின் வாதம். நூலுக்குக் கிடைத்த வரவேற்பிலிருந்து 'கன்சியூமர்ஸ் ரிசேர்ச்' என்ற சோதனை நிறுவனம் பிறந்தது. 1933இல் ஷ்லிங்க், ஆதர் கலெற் என்பவருடன் சேர்ந்து, 'பத்துக் கோடி கினிப் பன்றிகள்' எனப் பொருள்படும் மற்றொரு நூலை எழுதினார். அமெரிக்க மக்கள் அனைவருமே உற்பத்தியாளரின் பரிசோதனைப் பிராணிகளாகிவிட்டனர் என்பதைச் சொல்லும் தலைப்பு அது.

ஆனால் பாவனையாளரின் உரிமை பேசிய அந்த நிறுவனத்தில் ஊழியரின் உரிமைக்கு இடமிருக்கவில்லை. தொழிற்சங்கம் அமைக்க முற்பட்ட ஊழியர்கள் நீக்கப்பட்டதால் 1935இல் வேலைநிறுத்தம் வெடித்தது. வெளியேறியவர்கள் 1936இல் 'கன்சியூமர்ஸ் யூனியன்' என்ற புதிய அமைப்பைத் தொடங்கினர். அதன் சஞ்சிகை அவ்வாண்டு மே மாதம் வெளிவந்தது. முதல் இதழில் பால், சவர்க்காரம், பெண்களின் காலுறை போன்ற அன்றாடப் பொருள்களே ஆராயப்பட்டன. பின்னாளில் 'கன்சியூமர் ரிப்போர்ட்ஸ்' எனப் புகழ்பெற்றது இதுவே. சோதிக்கும் பொருளைக் கடையில் சாதாரண வாடிக்கையாளர் போலப் பணம் கொடுத்தே வாங்குவது, பிறருடைய விளம்பரம் எதையும் ஏற்பதில்லை என்ற இரண்டு விதிகளே அதன் பலமாக அமைந்தன.

விளம்பரம் ஏற்காத சஞ்சிகையைக் கண்டு விளம்பரத்தில் வாழும் பத்திரிகைகள் முகம் சுளித்தன. கன்சியூமர்ஸ் யூனியன் தனக்குச் சந்தா சேர்க்கப் பணம் கட்டி விளம்பரம் செய்ய முன்வந்தபோதும் பல பத்திரிகைகள் மறுத்துவிட்டன. அமெரிக்க எதிர்ப்பு நடவடிக்கைகளை விசாரித்த காங்கிரஸ் குழு, அதனைச் சந்தேகத்துக்குரிய அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. அக்குழுவின் ஆய்வாளராக இருந்த ஜே. பி. மத்தியூஸ் முன்னர் கன்சியூமர்ஸ் ரிசேர்ச்சில் உயர்பதவி வகித்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. 1954இல்தான் அந்தப் பழி நீங்கியது. சவர்க்காரத்தின் தரத்தைச் சொல்வதும் அரசியலாகப் பார்க்கப்பட்ட காலம் அது.

பிரித்தானியாவில் தடை வேறு வடிவில் இருந்தது. பொருளின் பெயரைச் சொல்லிக் குறை கூறினால் அவதூறு வழக்கு வரும் என்ற அச்சம் அங்கே பலமாக இருந்தது. 1957 ஒக்டோபரில் மைக்கல் யங் என்ற சமூகவியலாளர், கிழக்கு லண்டனின் பெத்னல் கிறீன் பகுதியில், பழைய வாகனக் கொட்டகை ஒன்றை அலுவலகமாக்கி 'விச்?' என்ற சஞ்சிகையை வெளியிட்டார். மின்கேத்தல், அஸ்பிரின் மாத்திரை, வெயில் கண்ணாடி எனப் பலவும் முதல் இதழிலேயே பெயர் சொல்லி ஒப்பிடப்பட்டன. அச்சஞ்சிகை இன்றும் வெளிவருகிறது.

எனினும் வழக்கு அச்சம் வீணானதன்று. 1970இல் கன்சியூமர் ரிப்போர்ட்ஸ், 'போஸ் 901' என்ற ஒலிபெருக்கியைச் சோதித்து எழுதியது. வங்காளத்திலிருந்து சென்ற சுதந்திரப் போராட்டக்காரர் ஒருவரின் மகனான அமர் போஸ் நிறுவிய கொம்பனியின் தயாரிப்பு அது. வாத்தியங்களின் ஒலி அறையெங்கும் அலைந்து திரிவதுபோல் இருக்கிறது என்று அக்கட்டுரை சொன்னது. கொம்பனி வழக்குத் தொடுத்தது. ஒலி அலைந்தது அறையெங்குமா, அன்றி இரு பெட்டிகளுக்கும் இடையே சுவரோரமாகவா என்பதே வழக்கின் மையம். சோதித்த பொறியியலாளரின் சாட்சியம் சுவரோரம் என்பதாக இருந்தது. கீழ் நீதிமன்றம் கொம்பனிக்குச் சார்பாகவும் மேன்முறையீட்டு நீதிமன்றம் சஞ்சிகைக்குச் சார்பாகவும் தீர்த்தன. 1984 ஏப்ரல் 30ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம், ஆறு நீதியரசர்கள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக, சஞ்சிகையே வென்றது எனத் தீர்ப்பளித்தது. சொல் துல்லியமற்றதாக இருக்கலாம். பொய்யென்று தெரிந்தே எழுதியதாக அதைக் கொள்ள முடியாது என்பது தீர்ப்பின் சாரம். ஒரு சொற்றொடருக்காகப் பதினான்கு ஆண்டுகள்! சொல்லை வைத்துப் பிழைப்பவர்கள் படிக்கவேண்டிய வழக்கு இது.

இலங்கையில் நிலைமை எவ்வாறிருந்தது? 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. கூட்டுறவுக் கடை வரிசையில் கிடைத்ததை வாங்கியவருக்குத் தரம் பற்றிய கருத்து இருந்தாலும் அதனால் பயனேதும் இருக்கவில்லை. தெரிவு செய்ய இரண்டாவது பொருள் இருந்தால்தானே முதலாவதைக் குறை சொல்லலாம்? 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்தியவர்கள் எண்ணெயின் தரத்தைப் பற்றிப் பேசவில்லை.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது வானொலிப் பெட்டிகளும் கசற் கருவிகளும் வந்து குவிந்தன. பாவனையாளர் பாதுகாப்புக்கென 1979இல் முதலாம் இலக்கச் சட்டம் வந்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அதற்குப் பதிலாக வந்து, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையை அமைத்தது. ஆனால் சட்டம் வந்ததால் பத்திரிகைப் பக்கங்களில் பொருள்களின் பெயர்கள் வந்துவிடவில்லை. நான் பணியாற்றிய பத்திரிகையொன்றில், வாங்கிய மின்விசிறி மூன்று மாதத்தில் நின்றுவிட்டது என்று கொம்பனியின் பெயருடன் கடிதம் வந்தால், 'பிரபல நிறுவனமொன்று' என்ற மாற்றத்துடனேயே அது அச்சேறும். அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில் அந்தப் பிரபல நிறுவனத்தின் விளம்பரம் இருக்கும். இதற்கு எழுதப்பட்ட கட்டளை எதுவும் இருக்கவில்லை, அனைவரும் அறிந்திருந்தோம். இந்த நிலை எங்கள் நாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை மேலே கூறிய வரலாறு காட்டும்.

பின்னர் இணையம் வந்தது. 1995 ஜூலையில் புத்தகக் கடையாகத் திறக்கப்பட்ட அமேசன், வாங்கியவர்களே நூல்களைப் பற்றி எழுத இடமளித்தது. விற்கும் நூலைக் குறை சொல்ல விடுகிறீர்களே என்று பதிப்புத் துறையில் முணுமுணுப்பு எழுந்தது. வாங்குபவர் சரியாகத் தெரிவு செய்ய உதவுவதே எமது வியாபாரம் என்ற பொருளில் அதன் நிறுவனர் ஜெப் பெசோஸ் பதிலளித்தார். ஆய்வுகூடமோ ஆசிரியரோ இல்லாமல், மூலையில் இருக்கும் ஒரு வாசகியின் கருத்து உலகுக்கே தெரியலாம் என்ற நிலை முதன்முறையாக உருவாயிற்று. அது சிறிய சாதனையன்று.

ஆனால் புற்று எங்கிருந்ததோ, பாம்பும் அங்கே வந்தது. 2004 பெப்ரவரியில், அமேசனின் கனடாத் தளத்தில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறினால், புனைபெயரில் எழுதியவர்களின் உண்மைப் பெயர்கள் வெளிப்பட்டன. எழுத்தாளர்கள் சிலர் தம் நூல்களைத் தாமே புகழ்ந்திருந்தமை தெரியவந்தது. 2015இல், பணத்துக்குப் போலிக் கருத்து எழுதுவதாகக் குற்றஞ்சாட்டி 1,114 பேருக்கு எதிராக அமேசன் வழக்குத் தொடுத்தது. 2019இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு, எடை குறைக்கும் மாத்திரை விற்ற ஒருவர்மீது நடவடிக்கை எடுத்தது. அந்த மாத்திரையின் மூலப்பொருள் நம்மவர் மீன் கறிக்கு இடும் கொறக்காப் புளி இனத்தது. ஆயிரம் டொலர் கொடுத்து, சராசரி 4.3 நட்சத்திரம் வரும்படி கருத்துகள் எழுதித் தருமாறு அவர் கேட்டிருந்தார். ஐந்துக்கு ஐந்து கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்காவில் 2024 ஒக்டோபரிலும் பிரித்தானியாவில் 2025 ஏப்ரலிலும் போலிக் கருத்துகளைத் தடைசெய்யும் விதிகள் நடைமுறைக்கு வந்தன.

இந்த வரலாற்றில் நான் காண்பது இதுதான். வாங்கியவரின் சொல் வலுப்பெற்ற காலங்களில் அது விற்றவரின் காசில் அச்சாகவில்லை. வாசகரின் சந்தாவில் அச்சானது. இன்று கோடிக்கணக்கான கருத்துகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பகுதி பொருளை விற்கும் தளத்திலேயே, அத்தளம் வகுக்கும் வரிசையிலேயே கிடக்கிறது. நன்னியின் களிமண் பலகை மீண்டும் வணிகர் வீட்டுக்கே போய்விட்டது. இம்முறை வீட்டுக் கதவு திறந்திருக்கிறது என்பதே வேறுபாடு.

எனவே, நட்சத்திரங்களை எண்ணுவதற்கு முன்னர், இதைச் சொல்பவருக்குப் பணம் கொடுத்தவர் யார் என்று கேளுங்கள். நீங்கள் வாங்கிய பொருள் நல்லதோ கெட்டதோ, பெயரைச் சொல்லி, எத்தனை மாதம் உழைத்தது என்ற விபரத்துடன் நாலு பேருக்குச் சொல்லுங்கள். பத்திரிகைகள் நெடுங்காலம் செய்யத் தயங்கிய வேலை அது.